கடைமடைக்கு வராத தண்ணீர்

(திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் அம்மன் கோயில் கொடை விழாவை ஒட்டி நடந்த பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: ‘வசதி குறைந்த நாட்டில் எல்லாருக்கும் மருத்துவம் கிடைக்க, அரசுப் பணம் முதலில் போக வேண்டியது ஊர் சுகாதார நிலையத்துக்கா, காப்பீட்டு அட்டைக்கா?’ நான் சுகாதார நிலைய அணி.)

நடுவர் அய்யா அவர்களே, சாமி கும்பிட்ட கையோடு பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் அக்காமாரே, டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்து வர மனசில்லாமல் அங்கிருந்தே காது கொடுத்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம். பத்தமடைப் பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேச வந்திருக்கிறேன். தூங்க வைத்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, சட்டைப் பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். “இதுக்குள்ள அஞ்சு லட்சம் இருக்கு” என்றார். நல்ல கைதட்டு. நானும் தட்டினேன், ஏனென்றால் அவர் சொன்னது பொய் இல்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது, 2012-இல் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறியது, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் வந்து சேர்ந்தது. இன்றைக்குத் தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை செய்து பிழைத்த பிள்ளைகள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். அந்த அட்டையை ஆற்றில் விடச் சொல்ல நான் வரவில்லை.

அண்ணாச்சியிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த அஞ்சு லட்சத்திலிருந்து பத்து ரூபாய் எடுத்து, நாளைக் காலையில் உங்கள் பிரஷரைப் பார்த்து ஒரு மாத்திரை வாங்கிவிட முடியுமா? முடியாது. சில ஸ்கேன், பரிசோதனைகள் நீங்கலாக, அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் திறக்கிற உண்டியல். ஆனால் நம்ம ஆட்களுக்குக் காசு கரைவது எங்கே? மாதாமாதம் மாத்திரைக்கும் ஊசிக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் ஆட்டோவுக்கும் கரைகிறது. இந்தியா முழுக்கவே, மக்கள் கைக்காசைப் போட்டுச் செய்யும் மருத்துவச் செலவில் பெரும்பங்கு படுக்கையில் சேராத வைத்தியத்துக்கும் மருந்துக்கும்தான் போகிறது. அட்டைக்கு அது கண்ணில் படாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை அய்யா. எங்கள் அம்மா முக்கூடல் பக்கத்தில் முப்பது வருஷம் பீடி சுற்றியவள். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும். நெற்றியில் தைலத்தைத் தேய்த்து, ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் தட்டை மடியில் எடுத்து வைப்பாள். ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் என்றார்கள். ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், இலவசம்தான். தீர்ந்ததும் மறுபடி போக வேண்டும். போனால் வரிசை, சீட்டு, இன்னொரு வரிசை. காலையில் போனால் மத்தியானம்தான் வீடு. அன்றைக்குப் பீடி கிடையாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. “அடுத்த வாரம் போவோம்” என்பாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. சரி, பெண்களுக்கு இப்போது டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அது பெரிய காரியம். ஆனால் போய்வருகிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இலை வெட்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கத்திரி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், வலது கை வரவில்லை. பக்கவாதம். டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசலில் இருந்த கவுண்டரில் முதலில் அம்மா பேரைக் கேட்கவில்லை, அட்டை இருக்கா என்று கேட்டார்கள். இருந்தது. பதினோரு நாள். பில்லில் பெரும்பகுதியை அட்டை கட்டியது. அண்ணாச்சி சொன்ன அந்த அஞ்சு லட்சம் எங்கள் வீட்டில் நிஜமாகவே வேலை செய்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அம்மாவின் வலது கை அதற்குப் பிறகு ஒரு பீடிகூடச் சுற்றவில்லை.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. தெருத்தெருவாக ஒரு பெண் பிரஷர் மிஷினும் மாத்திரைப் பையுமாக வந்தாள். பக்கத்துத் தெருக்காரிதான், கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி, அழுத்திப் பார்த்து, மாத்திரையைக் கொடுத்தாள். எங்கள் அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “ஏட்டி, இதை ஒரு நாலு வருஷம் முன்னாடி வந்து குடுத்திருக்கக் கூடாதா?”

நடுவர் அய்யா, என் கட்சி மொத்தமும் அந்த ஒரு கேள்விதான். அம்லோடிபின் என்கிற பிரஷர் மாத்திரையை அரசு மொத்தமாக வாங்கினால் ஒன்று ஒரு ரூபாய்கூட ஆகாது. அந்த மாத்திரை அவள் வாசலுக்கு வராத குறைக்குப் பதினோரு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அரசு பணம் கட்டியது. பணம் இல்லாத நாடு என்கிறீர்கள். இல்லாதவன் செலவு செய்கிற முறையா இது?

நம்ம ஊர் ஆட்களுக்கு இதைப் புரிய வைக்கப் பொருளாதாரம் வேண்டாம், கன்னடியன் கால்வாய் போதும். அணையில் தண்ணீர் நிறைந்திருக்கும் வருஷத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. குறைந்தால்தான் முறை வைக்கிறோம். எதற்கு? இல்லாவிட்டால் மேலே இருக்கிறவன் வயலில் மூன்று தடவை பாயும், கடைமடைக்காரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்பான். எல்லாருக்கும் மருத்துவம் என்றால் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான் கணக்கு. காப்பீடு என்பது பயிர் கருகினபிறகு டேங்கர் லாரி அனுப்புவது. அதுவும் வேண்டும், சில சமயம் அதுதான் உயிரைக் காக்கும். ஆனால் வாய்க்கால் வெட்ட வைத்திருந்த காசில் லாரி வாங்கினால், அடுத்த வருஷம் இன்னும் இரண்டு லாரி வேண்டியிருக்கும்.

எதிரணிப் பேராசிரியை அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். “ஏழைக்கு மட்டும் ஏன் ஏழை ஆஸ்பத்திரி? அட்டை இருந்தால் பணக்காரன் படுக்கிற பெட்டில் ஏழையும் படுக்கலாமே” என்று. அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அம்மா, பணக்காரனிடமிருந்து எனக்கு வேண்டியது அவன் பெட் இல்லை. அவன் முப்பது வயதிலேயே சுகர் பார்த்து, நாற்பதில் நடைபோய், பெட்டில் படுக்காமலே அறுபதைத் தாண்டுகிறானே, அது வேண்டும். சுகரும் பிரஷரும் கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகம் போனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ். அட்டை அதற்கும் கொடுக்கும். கூலி வேலைக்காரன் வாரத்தில் மூன்று நாளை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு எதைச் சாப்பிடுவான்?

அப்புறம் அந்தப் பெட் எங்கே இருக்கிறது? திருநெல்வேலி நகரத்துக்குள்ளே, பாளையங்கோட்டையில், வண்ணாரப்பேட்டையில். காரையாறு அணைக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற இஞ்சிக்குழிக் காணி மக்கள் கையிலும் அட்டையைக் கொடுக்கலாம், நனையாமல் பத்திரமாக வைத்திருப்பார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலேயே தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். ரோடு அறுந்த ஊர்களில் அன்றைக்கு எந்த அட்டையைக் காட்டி எந்த பெட்டில் படுத்திருக்க முடியும்?

தாய்லாந்தைப் பற்றி அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார். 2002-இல் முப்பது பாட் திட்டம் கொண்டுவந்தார்கள், ஒரு தடவைக்கு முப்பது பாட் கொடுத்தால் வைத்தியம், அது காப்பீடுதானே என்றார். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அதற்கு இருபது வருஷம் முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில், தாய்லாந்தும் கையில் காசில்லாத நாடுதான். அப்போது அவர்கள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் புதுக் கட்டடம் கட்டுவதைச் சில வருஷம் நிறுத்தி வைத்து, அந்தப் பணத்தைக் கிராமத்துப் பக்கம் திருப்பி, வட்டார ஆஸ்பத்திரியும் ஊர் சுகாதார நிலையமும் கட்டினார்கள். படித்து வந்த டாக்டர்கள் கிராமத்தில் வேலை பார்த்தாக வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. அந்த வாய்க்கால் தயாரான பிறகுதான் முப்பது பாட் தண்ணீர் பாய்ந்தது. அதிலும் படுக்கையில் சேராத வைத்தியத்துக்கு, ஒரு தடவைக்கு இவ்வளவு என்று எண்ணிப் பணம் கொடுக்கவில்லை. பதிவு செய்த ஒரு தலைக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று பக்கத்து ஆஸ்பத்திரிக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். ஆள் நோயில் விழாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் பணம் மிச்சம். நம்ம அட்டையில் ஆள் படுத்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம். வித்தியாசத்தை நடுவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்ம பக்கத்து ஆட்கள் கடை வைக்கப் போன இலங்கை இருக்கிறது. அங்கே 1926-இலேயே களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவை ஆரம்பித்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணியைப் பார்த்தாள். போர், பணநெருக்கடி என்று என்னென்னவோ வந்தும், பிரசவத்தில் தாய் இறப்பது அங்கே நம்மைவிடக் குறைவு.

நம்ம நாட்டிலும் சொல்லாமல் இல்லை. 1946-இல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை, காசு கொடுக்க வழியில்லை என்பதால் ஒருவருக்கும் வைத்தியம் இல்லாமல் போகக் கூடாது என்றது. 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அடிப்படை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்றது. எழுதியது நம்ம அணிக்காரர் யாரோ போல.

கொஞ்சக் காசில் இது நடக்குமா என்று கேட்டார்கள். நடந்திருக்கிறது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்குகிற முறையைப் பாருங்கள். தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், கம்பெனிப் பேர் பார்க்காமல் மருந்தின் பேரில் டெண்டர், வந்த சரக்கைச் சோதித்துப் பார்த்து மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து ஊர் நிலையம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், ரேஷன் கார்டு மாதிரி. ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த அந்த மாத்திரைப் பட்டை இல்லாத வீடு இந்தத் தெருவில் உண்டா? வெளி மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்து இதைப் போலவே ஆரம்பித்தார்கள்.

இப்போது என் அணியின் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணியில் அடுத்து வருகிறவருக்கு வேலை மிச்சமாகட்டும். ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் பாதி நாள் பூட்டு தொங்கும். நர்சம்மா மேல் தப்பில்லை, பக்கத்து நிலையத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ஸ்கூட்டியில் அங்கே போனால் இங்கே பூட்டு, இங்கே வந்தால் அங்கே பூட்டு. மருந்து இருக்கும், கொடுக்க ஆள் இருக்காது. உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சி அந்தப் பூட்டைக் காட்டி, “பார்த்தீங்களா, அரசாங்கத்தால ஆகாது, அட்டையே போதும்” என்கிறார். வீட்டுச் சாவி தொலைந்தால் சாவி செய்யச் சொல்வார்களா, லாட்ஜில் ரூம் போடச் சொல்வார்களா? அந்த நிலையத்துக்கு இன்னொரு நர்சைப் போட எவ்வளவு ஆகும் என்று நான் கேட்டால், நிதி இல்லை என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிதி இருக்கிறது, வேறு வாய்க்காலில் ஓடுகிறது.

நடுவர் அய்யா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இந்த ஊர்க்காரர் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு முடித்துக்கொள்கிறேன். 1887-இல் இதே பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர், சாமியாராவதற்கு முன்னால் டாக்டர். மலேயாவில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். துறவியாகி ரிஷிகேசம் போன பிறகும் வைத்தியத்தை விடவில்லை. 1927-இல் லட்சுமண் ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் நடத்தினார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர் பேரில் இருந்த இன்சூரன்ஸ் பாலிசியிலிருந்து. அது வேறு இன்சூரன்ஸ் என்று அண்ணாச்சி முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும் அண்ணாச்சி, இன்சூரன்ஸ் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பாருங்கள்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, கொடை. விடிந்தால் புதன், தடுப்பூசி நாள். அண்ணாச்சி வீட்டுப் பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. நாளைக் காலையில் மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நடக்கப் போகிறாள் என்று அவரையே கேட்டுவிட்டு, நடுவர் அய்யா தீர்ப்பை எழுதலாம். வணக்கம்.