மரபணு டெஸ்ட்: ரத்தம் குடுக்கறது ஒருத்தர், ரிசல்ட் வர்றது வகையறாவுக்கே

வணக்கம் மக்களே. மரபணு டெஸ்டுக்கு ஊதா மூடி போட்ட டியூப்புல ரெண்டு மூணு மில்லி ரத்தம் எடுப்பாங்க. கூடவே நாலு பக்க சம்மதப் படிவம் ஒண்ணு நீட்டுவாங்க. ஊசி குத்துற இடத்துல முகத்தைச் சுளிக்கிறவங்க, அந்தப் படிவத்துல ஒரு வரிகூடப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுறாங்க. இன்னைக்கு முழுக்க அந்தப் படிவத்தைப் பத்தித்தான்.

நம்ம மதுரையிலருந்தே ஆரம்பிப்போம். தேனி ரோட்டுல போனா காமராஜர் பல்கலைக்கழகம், தாண்டினா செக்கானூரணி, அப்புறம் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்துல ஜோதிமாணிக்கம்னு ஒரு கிராமம். பல்கலைக்கழகத்துல பேராசிரியர் பிச்சப்பன் குழு எடுத்த ரத்த மாதிரிகள்ல, அந்த ஊர்க்காரர் ஒருத்தரோட ஒய் குரோமோசோம்ல எம்130ங்கிற அடையாளம் கிடைச்சுது. ஆப்பிரிக்காவுலருந்து கடலோரமா நடந்து வந்த பழைய கூட்டத்தோட தடம்னு அதைச் சொல்றாங்க. உடனே பத்திரிகையில "முதல் இந்தியர்"னு போட்டுட்டாங்க. அது தப்பு. ஒய் குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போறது. பத்து தலைமுறை பின்னாடி போனா உங்களுக்கு 1,024 மூதாதையர் இடம் இருக்கு. (சொந்தத்துக்குள்ளயே கட்டுற நம்ம வழக்கத்துல ஒரே தாத்தா ரெண்டு மூணு இடத்துல வந்து உக்காந்திருப்பார், அது வேற.) அதுல ஒய் காட்டுறது ஒரே ஒருத்தரை. மிச்சம் 1,023 பேரைப் பத்தி அது வாயே திறக்காது.

இதுல நெறி எங்க வருதுன்னா, ஒய் போற வழிதான் நாம பங்காளின்னு சொல்ற வழி. ஒருத்தர் ரத்தம் குடுத்தா, அதே அப்பன் வழியில வந்த பங்காளிங்க அத்தனை பேரோட அடையாளமும் சேர்ந்தே வெளிய வருது. அந்த ஜோதிமாணிக்கத்துக்காரர் பேரும் படமும் உலகம் முழுக்கப் போச்சு. படிவத்துல கையெழுத்து ஒருத்தருது மட்டும்தான். ஆராய்ச்சிக்குன்னு யாராவது ஊருக்குள்ள வந்து எச்சில், ரத்தம் கேட்டா, பேரை வெளியிடுவீங்களா, எங்க ஊர்ப் பேரையோ சாதிப் பேரையோ போடுவீங்களான்னு முதல்ல கேளுங்க. தனி ஆள் பேரை மறைச்சிட்டு "இந்தச் சாதியில இந்தக் கோளாறு அதிகம்"னு அச்சடிச்சா, மறைச்சதுல பாதி வீணாப் போச்சு.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். குடும்பத்துல அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்னா பி.ஆர்.சி.ஏ. 1, 2னு ரெண்டு ஜீனைப் பாப்பாங்க. அம்மாகிட்ட கோளாறு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும், பையனோ பொண்ணோ, அந்தக் கோளாறு இறங்க 50 சதவீதம் வாய்ப்பு. இதுல நடக்கிற பெரிய தப்பு எது தெரியுமா? "அம்மா ஏற்கெனவே நொந்து கிடக்குறாங்க, இன்னொரு ஊசி எதுக்கு"ன்னு மகளை மட்டும் கூட்டிட்டு வர்றது. மகளுக்கு நெகட்டிவ்னு வந்தா அதுக்கு ரெண்டு அர்த்தம். அம்மாவோட கோளாறு மகளுக்கு இறங்கலைன்னு இருக்கலாம். இல்ல, அம்மாகிட்ட இருக்கிற கோளாறே இந்த டெஸ்டுல சிக்காத ரகமா இருக்கலாம். அம்மாவைப் பாக்காம ரெண்டையும் பிரிக்க முடியாது. அதனால நோய் வந்தவங்க ரத்தம்தான் முதல்ல. அங்க கிடைச்ச அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மத்தவங்ககிட்ட தேடினா செலவும் குறையும், பதிலும் தெளிவா வரும்.

இன்னும் சிக்கலான இடம், வைத்தியம் இல்லாத நோய். ஹன்டிங்டன்னு ஒரு நரம்பு நோய். சி.ஏ.ஜி.ங்கிற மூணெழுத்து ஒரு ஜீன்ல 40 தடவையோ அதுக்கு மேலயோ திரும்பத் திரும்ப வந்தா, ஆயுசு இருந்தா நோய் வந்தே தீரும். தாத்தாவுக்கு இருந்துச்சு. அப்பா "எனக்குத் தெரியவே வேணாம்"ங்கிறார். பேரன் டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் வந்துருச்சுன்னா, ஒரு சொட்டு ரத்தம் குடுக்காமலே அப்பாவோட ரிசல்ட்டும் வந்தாச்சு. தெரிஞ்சுக்கிறது பேரனோட உரிமை, தெரியாம இருக்கிறது அப்பாவோட உரிமை. இதுக்கு நேரான விடை யார்கிட்டயும் இல்ல. ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடியே மூணு தலைமுறை வம்ச வரைபடம் போட்டு, யாருக்குச் சொல்றது, யாருக்கு வேணாம்னு எழுதி வச்சிக்கணும், அதான் வழி. ரிசல்ட்டை நேர்ல உக்காந்து சொல்லணும். வாட்ஸ்அப்புல பி.டி.எஃப். அனுப்புற வேலை இல்ல இது.

குழந்தைங்களுக்கு எடுக்கலாமா? நோயைப் பொறுத்தது. விழித்திரைப் புற்றுநோய் சின்ன வயசுலயே வர்றது. மூத்த பிள்ளைகிட்ட ஆர்.பி.1 ஜீன்ல என்ன மாற்றம்னு தெரிஞ்சிருந்தா, அது தம்பி தங்கச்சிக்கு இல்லைன்னு காட்டிட்டு, மயக்கம் குடுத்து மறுபடி மறுபடி கண்ணைப் பாக்குற பாட்டை மிச்சப்படுத்தலாம். எடுக்கணும். ஹன்டிங்டன் மாதிரி பெரியவங்களானப்புறம் வர்றதை எட்டு வயசுப் பிள்ளைக்கு எடுக்கக்கூடாது. வளர்ந்து அதுவே முடிவு பண்ணட்டும்.

கல்யாணம். அத்தை மகன், மாமன் மகள் கட்டினா, பிறக்கிற பிள்ளைக்கு ஒரு ஜீனோட ரெண்டு பிரதியும் ஒரே மூதாதையர்கிட்ட இருந்து வந்திருக்க வாய்ப்பு 16ல 1. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினா 8ல 1. ரெண்டு பிரதியும் கெட்டுப்போனா வர்ற பரம்பரை ரத்த நோய்தான் தலசீமியா. அதுக்கு ரத்தத்துல ஹெச்.பி.ஏ.2ங்கிற ஹீமோகுளோபின் வகையைப் பாக்கணும். பொதுவா 3.5 சதவீதத்துக்கு மேலன்னா சுமப்பவர், அதாவது ஒரு பிரதி மட்டும் கெட்டிருக்கு, அவருக்கு நோய் இல்ல. ஒரு விஷயம்: இரும்புச்சத்துக் குறைவு இருந்தா அந்த எண் கீழ இறங்கி, சுமப்பவரையும் "நார்மல்"னு காட்டிரும். இரும்பைச் சரி பண்ணிட்டு மறுபடி பாக்கணும். ரெண்டு பேரும் சுமப்பவரா இருந்தாத்தான் ஒவ்வொரு கர்ப்பத்துலயும் 25 சதவீதம் பிள்ளைக்கு நோய். ஒருத்தர் மட்டும்னா பயமே இல்ல.

ஆனா நடைமுறையில பொண்ணு ரிப்போர்ட் மட்டும் தரகர் கையில போகுது, "பொண்ணுக்கு ரத்தத்துல ஏதோ"ன்னு பேச்சு கிளம்புது. சுமக்கிறது நோய் இல்ல, பாதி சுமை மாப்பிள்ளை பக்கமும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எடுங்க, அவங்கவங்க ரிப்போர்ட்டை அவங்கவங்க கையிலயே வாங்குங்க. பொண்ணு வீட்டை மட்டும் டெஸ்ட் கேக்குற சம்பந்தம் எனக்குச் சந்தேகம்தான்.

கர்ப்பத்துல 10 வாரத்துலயே தாயோட ரத்தத்துல சிசுவோட டி.என்.ஏ. படிக்க முடியும். அதுல ஒய் இருக்கா இல்லையான்னும் தெரியும். 80கள்ல பெண் சிசுக்கொலைக்குப் பேர் அடிபட்டதும் இதே உசிலம்பட்டி வட்டாரம்தான். 1994 சட்டப்படி பாலினம் சொல்றது குற்றம், சொல்றவருக்கு ஜெயில். அந்தச் சட்டத்துலயே இன்னொண்ணும் இருக்கு, யாரும் கேக்கறதில்ல: கருவுல சோதனை பண்ண, அந்தப் பெண்ணுக்குப் புரியுற மொழியில எழுதின சம்மதம் வேணும், அதோட நகலை அவங்க கையில குடுக்கணும். கேட்டு வாங்குங்க.

படிவத்துல கடைசிப் பக்கம் பாருங்க. மிச்ச டி.என்.ஏ. எத்தனை வருஷம் இருக்கும், ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களா, தேடாத வேற நோய் கண்ணுல பட்டா சொல்லணுமா, தகப்பன் இவர் இல்லைன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க. எல்லாம் அங்க பொடி எழுத்துல இருக்கும். பின்னாடி சம்மதத்தை வாபஸ் வாங்கினா மாதிரியை அழிப்பாங்களான்னும் கேளுங்க. எச்சில் வாங்குற கம்பெனிக்கு ஆயுசு கெட்டின்னு நினைக்காதீங்க: 23அண்ட்மீங்கிற அமெரிக்கக் கம்பெனில 2023ல சுமார் 69 லட்சம் பேர் தகவல் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்சுல கம்பெனி திவால் மனு போட்டுச்சு.

ரிப்போர்ட்ல "அர்த்தம் உறுதியாகாத மாற்றம்"னு வந்தா, அதை வச்சு ஆபரேஷனும் பண்ணாதீங்க, சம்பந்தமும் முறிக்காதீங்க. சேர்த்து வச்ச மரபணுத் தகவல்ல பெரும்பங்கு ஐரோப்பியர்களுது, அதனால நம்ம ஆளுங்களுக்கு இந்த முடிவு கூடுதலா வரும். அர்த்தமும் மாறும். எம்.ஒய்.பி.பி.சி.3 ஜீன்ல 25 எழுத்து விட்டுப்போறது தெற்காசியர்கள்ல 100க்கு 4 பேர்கிட்ட இருக்கு, இதயத் தசை நோயோட தொடர்புன்னு 2009ல வெளியாச்சு. மதுரையில நடந்த வேலைக்கும் அதுல பங்கு உண்டு. அப்புறம் பாத்தா, அது மட்டும் இருக்கிறவங்க நிறையப் பேர் நல்லாத்தான் இருக்காங்க. அவங்கள்ல சிறு பகுதியினர்கிட்ட பக்கத்துலயே இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கு, வினை அதுதான்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. அதனால ரிப்போர்ட்ல ஜீன் பேருக்குப் பக்கத்துல இருக்கிற அந்த நீளமான குறியீட்டையும், ரிப்போர்ட் தேதியையும் போட்டோ எடுத்து வச்சிக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அதே லேப்ல அந்தக் குறியீட்டைச் சொல்லி, நோய் தர்றது, தராதது, உறுதியாகாதது, இதுல இப்ப எந்த வகையில வச்சிருக்கீங்கன்னு கேளுங்க.