கண்டக்டர் வாயில இருக்குற வடசென்னை: ஜிஎச், வால்டாக்ஸ் ரோடு, மின்ட், கஞ்சித்தொட்டி

வணக்கம் மக்களே. எக்மோர்ல ஆட்டோ ஏறி "ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போணும்ணா"ன்னு சொல்லிப் பாருங்க, அவரு திரும்பிப் பாத்து "ஜிஎச்சா?"ன்னு கேப்பாரு. 2011ல வெச்ச பேரு போர்டுல இருக்கு, ஆனா வாயில இன்னும் ஏறல. இன்னிக்கு வீடியோ முழுக்க இந்த மாதிரி பேருங்கதான்.

(மேப்: சென்ட்ரல், எதிர்ல ஜிஎச்)

ஜிஎச் ஆரம்பிச்சது இங்க இல்ல. 1664ல ஜார்ஜ் கோட்டைக்குள்ள, எட்வர்ட் வின்டர்னு கிழக்கிந்திய கம்பெனி ஏஜென்ட் இருந்தப்ப, நோயில விழுந்த சிப்பாய்ங்களுக்காக ஒரு வீட்டுல ஆரம்பிச்சது. அப்புறம் இடம் மாறி மாறி 1772லதான் இப்ப இருக்குற இடத்துக்கு வந்துச்சு. இந்த வருஷத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இப்ப சென்ட்ரல் ஸ்டேஷன ஒட்டி வடக்கால போற ரோடு. ரெக்கார்டுல வ.உ.சி. சாலை, நம்ம ஆளுங்களுக்கு வால்டாக்ஸ் ரோடு. 1758 கடைசில பிரெஞ்சுக்காரன் லாலி படையோட வந்து கோட்டைய முற்றுகை போட்டான், கோட்டைக்கு வெளிய இருந்த ஊரு சும்மா திறந்து கிடந்துச்சு, உள்ள பூந்துட்டானுங்க. அந்த பயத்துல ஊரச் சுத்தி ஒரு மதில் கட்டுனாங்க, கான்ட்ராக்ட் எடுத்தது பால் பென்ஃபீல்டு. செலவ ஜனங்க தலையில வரியா கட்டலாம்னு பிளான் போட்டாங்க, ஆனா அந்த வரி வசூலாகவே இல்ல! மதிலும் போச்சு, வராத அந்த மதில் வரி, அதாவது 'வால் டாக்ஸ்', பேரு மட்டும் ரோட்டுல நிக்குது. மதிலோட ஒரு துண்டு பாக்கணும்னா பழைய ஜெயில் ரோட்டுல மாடிப் பூங்காவுக்குப் போங்க. யானைகவுனியும் அந்த மதில்ல இருந்த ஒரு வாசலோட பேருதான்.

சரி, பஸ்ல ஏறுவோம். போர்டுல வள்ளலார் நகர்னு இருக்கும், கண்டக்டர் "மின்ட் மின்ட்"டுன்னுதான் கத்துவாரு. 19ஆம் நூற்றாண்டுல இங்க நாணயம் அடிச்சாங்க, அந்த தங்கசாலை மூடி நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு. வள்ளலார் பேரு சும்மா வெச்சதும் இல்ல, பக்கத்துல ஏழுகிணறு வீராசாமி தெருவுலதான் அவரு வளர்ந்தாரு, கந்தகோட்டம் முருகன பாட நடந்தே போவாரு. ஏழுகிணறுன்னா நெஜமாவே கிணறுங்க, கோட்டைக்கு தண்ணி கொண்டு போக 1772ல அமைச்சது. பாத்தீங்களா, ஜிஎச் இடம் மாறுன அதே வருஷம். முற்றுகையில பட்ட அடிதான் மதில், தண்ணி, ஆஸ்பத்திரின்னு மூணா வெளிய வந்துச்சுன்னு எனக்கு தோணுது.

இதே மாதிரி 6டி பஸ் போற டோல்கேட்ல இப்ப சுங்கமும் இல்ல கேட்டும் இல்ல, 21ஜி போர்டுல பிராட்வேன்னு போட்டுருக்கும், அந்த ரோட்டுக்கு பேரு பிரகாசம் சாலைன்னு மாத்துனது எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல. விடுங்க, மெயின் மேட்டருக்கு வருவோம்.

(காட்சி: ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்)

ஸ்டான்லிய அந்தக்கால ஆளுங்க எப்டி சொல்லுவாங்க தெரியுமா? கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1780ல மைசூர் ஹைதர் அலி படை வந்து ஆற்காடு பக்கம் ஊருங்க எல்லாம் அழிஞ்சு பஞ்சம் வந்துச்சு, பசியோட ஜனங்க பட்டணத்துக்கு ஓடி வந்தாங்க. அவங்களுக்கு கஞ்சி ஊத்துன எடந்தான் 1782ல வந்த மணியக்காரர் சத்திரம், வெள்ளைக்காரன் வாயில அது "மோனிகார்" ஆயிடுச்சு. பசியில வந்தவன் நோயோடயும் வந்தான், அதனால கஞ்சியோட மருந்தும் சேர்ந்துச்சு, 1799ல ஆஸ்பத்திரியே வந்துருச்சு. கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி பேரெல்லாம் ரொம்ப பின்னாடி, மெடிக்கல் காலேஜ் ஆனது 1938ல.

பக்கத்துலயே இருக்குற ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரி 1880ல சவலை ராமசாமி முதலியார் காசுல வந்தது. சென்ட்ரல் எதிர்ல இருக்குற சத்திரமும் அதே மனுஷன் கட்டுனதுதான்.

மோனிகார் சத்திரம் எங்கயும் போகல. ஸ்டான்லி பக்கத்துலயே முதியோர் இல்லமா ஓடிட்டு இருக்கு, அந்தப் பக்கம் போனா போர்ட பாருங்க. உங்க ஏரியா ஸ்டாப்புக்கு இப்டி போர்டுல ஒண்ணு வாயில ஒண்ணுன்னு பேரு இருந்தா கமென்ட்ல போடுங்க, அடுத்த பார்ட் பெரம்பூர் பக்கம்.