15 லாரி கணக்கும் 8,500 ரூபாய் டிப்ளமோவும்

வணக்கம் மக்களே! வழக்கம்போல மொட்டை மாடிதான். காத்து சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. முந்தாநாள் இன்டர்வியூ முடிஞ்சுது. பசி நிவாரண வேலை, லாஜிஸ்டிக்ஸ் பிரிவு, அதாவது சரக்கைச் சேத்து வெச்சு அனுப்பற பிரிவு. ரிசல்ட் இன்னும் வரல. ஆனா ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதிலை உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

"முகாம்ல 10,000 பேர். ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் தானியம். ஒரு மாசத்துக்கு எத்தனை லாரி?" நான் பேனாவையே தொடல மக்களே! ஒரு நாளைக்கு 4 டன். 30 நாளைக்கு 120 டன். 50 கிலோ மூட்டைன்னா 2,400 மூட்டை. 10 டன் லாரின்னா 12 லாரி. தூத்துக்குடி குடோன்ல ரெண்டு வருஷம் மூட்டை எண்ணினவகிட்ட கேக்குற கேள்வியா இது?

அடுத்து, "சரக்கு வந்து அடுக்கியாச்சு, முதல்ல எதைப் பாப்பீங்க?"ன்னாங்க. அடி மூட்டையைத்தான். அடியில பேலட்ங்கற பலகைத் தட்டு போடாம, சுவரை ஒட்டி அடுக்கினா ஈரம் ஏறிடும். மூட்டைக்குள்ள கையை விட்டா கதகதன்னு இருக்கும், ஒரு புழுங்கல் வாடை அடிக்கும். அந்த அடுக்கைப் பிரிச்சே ஆகணும். கேள்வி கேட்ட மேடம் விறுவிறுன்னு எழுதிக்கிட்டாங்க!

ஐயோ, பருப்பை விட்டுட்டேனே! லாரி கணக்குலயே பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம் சேத்துக் கேட்டாங்க. பருப்பு 18 டன், எண்ணெய் ஏழரை டன். மொத்தம் 145.5 டன், அப்ப 15 லாரி. ஆளுக்கு நாளைக்கு 2,100 கிலோகலோரிங்கறது நிவாரணத்துல எல்லாரும் எடுத்துக்கற ஆரம்பக் கணக்கு. இந்த மூணு மட்டும் அதை எட்டாது. அதனாலதான் சத்துமாவும் சர்க்கரையும் சேக்கறாங்க.

இப்ப என் கோவத்துக்கு வரேன். அந்த 'சர்வதேச வளர்ச்சிப் பணி' டிப்ளமோ, போன வீடியோல சேர்ந்துட்டேன்னு சொன்னேன்ல? 8,500 ரூபாய். ஆறு ஞாயித்துக்கிழமை ஜூம்ல ஸ்லைடு படிச்சாங்க. ஐநாவோட உலக உணவுத் திட்டத்துக்கு 2020ல நோபல் பரிசு கிடைச்சதைத் தெரிஞ்சுக்கவா பணம் கட்டினேன்? அதுலயும் 1,500 ரூபாய் சான்றிதழ் அனுப்பற செலவாம். வந்தது ஒரே ஒரு தாள். கவர் மேல ஒட்டியிருந்த கூரியர் சீட்டுல 60 ரூபாய்! மீதி 1,440 எங்க போச்சு? மூணு தடவை மெயில் போட்டேன், பதிலே இல்ல. இன்டர்வியூல அந்தச் சான்றிதழைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

காயா, டிசாஸ்டர்ரெடிங்கற ரெண்டு வெப்சைட்லயும் நிவாரணப் பணிக்கான பாடங்கள் இலவசமாவே இருக்கு. வேலை அறிவிப்புக்கு நான் தினம் பாக்கறது ரிலீஃப்வெப்ங்கற வெப்சைட். 18 வயசு ஆயிட்டா ஐநா தன்னார்வலரா ஆன்லைன்லயே வேலை செய்யலாம். கமெண்ட்ல ஒரு தம்பி, ஐநா வேலைக்கு 12,000 'பிராசஸிங்' கட்டணம் கேக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. கட்டிடாதீங்க தம்பி, ஐநா எந்தக் கட்டத்துலயும் காசு கேக்காது.

ஆங், முக்கியமானதை மறந்தே போயிட்டேன். டிப்ளமோவை மேல போட்டு அனுப்பின மூணு விண்ணப்பத்துக்கும் பதில் வரல. நாலாவதுல குடோன் வேலையை மேல ஏத்தி, மாசம் எத்தனை டன் ஏத்தி இறக்கினோம்னு எழுதினேன். அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. அந்தப் பக்கத்தை இப்ப கேமரா கிட்ட காட்டறேன், நிறுத்தி வெச்சு நிதானமா படிங்க.