வெட்டிய இடத்தையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மனித செல்லுக்குள் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையைப் பற்றிச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். கேட்டதும் மனத்தில் எழும் பயம் ஒன்றுதான்: "சொன்ன இடத்தை விட்டு வேறெங்காவது வெட்டிவிட்டால்?" நியாயமான பயம். ஆனால் வெட்டச் சொன்ன அதே இடத்தில் என்ன ஆனது என்று நாம் போதுமான அளவு பார்ப்பதில்லை. இன்று அதைத்தான் கூடுதலாகப் பேசப்போகிறேன்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். வெட்டுவது காஸ்9 என்ற புரதம். அதற்கு இடம் காட்டுவது, 20 எழுத்து நீளத்துக்கு இலக்கோடு பொருந்தும் வழிகாட்டி ஆர்என்ஏ என்ற சிறு இழை. நம் டிஎன்ஏவில் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வகையில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அந்த 20 எழுத்தும் தற்செயலாக இன்னோரிடத்தில் அப்படியே அமைவது அரிது. ஆனால் காஸ்9 இருபதையும் ஒரே கறாரோடு பார்ப்பதில்லை. இலக்கை ஒட்டி இரண்டு ஜி எழுத்துகள் இருந்தாக வேண்டும். அவற்றுக்குப் பக்கத்திலுள்ள பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் கண்டிப்பு அதிகம். எதிர்முனையில் இரண்டு மூன்று எழுத்து பிசகினாலும் சில இடங்களில் வெட்டிவிடும்.

இதைக் குறைக்க நல்ல வழிகள் இருக்கின்றன. டிஎன்ஏவை இறுகப் பற்றும் நான்கு அமினோ அமிலங்களை மாற்றி, பிடியைத் தளர்த்திய காஸ்9 வகை 2016இல் வந்தது. பொருத்தம் அரைகுறையாக இருந்தால் அது நின்று வெட்டாது. ஆனால் அந்தக் கண்டிப்பு வழிகாட்டிக்கும் சேர்த்துத்தான்: வழிகாட்டியின் தொடக்கத்தில் உற்பத்தி வசதிக்காகச் சேர்க்கும் ஒரு ஜி, இலக்கோடு பொருந்தாவிட்டால் சரியான இடத்திலும் வெட்டு குறைந்துபோகும். அடுத்தது, கருவியை உள்ளே அனுப்பும் விதம். காஸ்9 மரபணுவைப் பிளாஸ்மிட்டாக, அதாவது ஒரு வட்ட டிஎன்ஏவில் வைத்து, கொடுத்தால் செல் நாள்கணக்கில் அந்தப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். புரதத்தையும் வழிகாட்டியையும் வெளியிலேயே சேர்த்து, மின்துடிப்பால் உள்ளே செலுத்தினால் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிதைந்துவிடும். பொருத்தமான இடம் சீக்கிரம் வெட்டுப்படும். பிசகான இடங்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் சூட்சுமம்.

சரி, சொன்ன இடத்திலேயே வெட்டியாயிற்று. இனி செல்லின் முறை. இரண்டு இழையும் அறுந்த டிஎன்ஏவைச் செல் பெரும்பாலும் அவசரமாக ஒட்டும். ஒட்டும்போது சில எழுத்துகள் போகும், சில சேரும். நாம் கொடுத்த மாதிரி டிஎன்ஏவைப் பார்த்துச் சரியாக எழுதும் வழியும் உண்டு. ஆனால் அது முக்கியமாக, செல் பிரிவதற்காகத் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்திலும் அதை அடுத்தும்தான் நடக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு: வெட்டின் இருபுறமும் ஆயிரக்கணக்கான எழுத்துகள் மொத்தமாகக் காணாமல் போவது. இது உண்மையிலேயே நடக்கிறது என்று 2018இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது.

ஏன் அதுவரை பலர் கண்ணில் படவில்லை? சோதிக்கும் முறைதான் காரணம். வழக்கமாக வெட்டின் இருபுறமும் நூறு, நூற்றைம்பது எழுத்து தள்ளி பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகள் இரண்டை வைத்து, நடுவிலுள்ளதைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கிப் படிப்பார்கள். பிரைமர் ஒட்ட வேண்டிய இடமே போய்விட்டால் அந்தக் குரோமோசோம் பெருகாது. வராதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்பது போலத்தான் இது.

ஒரு கணக்குப் போடுவோம். 100 குரோமோசோம். 40 சரியாகத் திருந்தின; 30இல் சிறு பிழை; 30இல் பெரிய இழப்பு. பிசிஆர் பார்ப்பது 70ஐ மட்டும். ஆகவே அறிக்கை 40 அல்ல, 57 சதவீதம் என்று சொல்லும். இப்போது ஏதோ ஒரு மருந்தைச் சேர்க்கிறோம். சரியானது அதே 40. சிறு பிழை 10 ஆகிறது, பெரிய இழப்பு 50 ஆகிறது. பிசிஆர் 50ஐப் பார்த்து, 80 சதவீத வெற்றி என்று சொல்லும். ஒரு குரோமோசோம்கூடக் கூடுதலாகத் திருந்தவில்லை!

எண்கள் நான் போட்டவை. ஆனால் இந்த வகை மயக்கம் நிஜத்திலும் நடந்திருக்கிறது. அவசர ஒட்டுக்கு வேண்டிய டிஎன்ஏ-பிகே என்ற நொதியைத் தடுக்கும் ஏஇசட்டி7648 என்ற பொருள், சரியான திருத்தத்தைக் கூட்டுகிறது என்று பலர் அதைப் பயன்படுத்தினார்கள். அதைச் சேர்க்கும்போது ஆயிரக்கணக்கில், சில நேரம் லட்சக்கணக்கில் எழுத்துகள் இழக்கப்படுவதும், வழக்கமான சோதனை அதைத் தவறவிடுவதும் 2024இல் தெரியவந்தன. சதவீதத்தைக் கேட்டால் போதாது, எதில் சதவீதம் என்று கேட்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பிரைமர்களை வெட்டிலிருந்து சில ஆயிரம் எழுத்து தள்ளி வைத்து, நீளமாகப் படிக்கும் கருவியில் படியுங்கள். அதையும் தாண்டிய இழப்பைப் பிடிக்க, வெட்டின் இருபுறமும் அந்தக் குரோமோசோம் எத்தனை பிரதி இருக்கிறது என்று, மாதிரியைத் துளிகளாகப் பிரித்துப் பார்க்கும் துளி டிஜிட்டல் பிசிஆரில் எண்ணுங்கள். இன்னொரு எளிய வழியும் உண்டு: தாய்வழிப் பிரதிக்கும் தந்தைவழிப் பிரதிக்கும் வேறுபடும் ஓர் எழுத்தை வெட்டுக்கு அருகில் தேர்ந்துகொள்ளுங்கள். ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த செல் குடும்பத்தில், முன்பு தெரிந்த இரண்டு வடிவத்தில் ஒன்று மட்டும் மிஞ்சினால், உடனே "இரு பிரதியும் அழகாகத் திருந்தின" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பிரதி அங்கே இல்லாமலே போயிருக்கலாம்.

நேரம் குறைவாக இருப்பதால் மீதியை வேகமாகச் சொல்கிறேன். இரு இழையையும் அறுக்காமலே திருத்தும் முறைகள் வந்துவிட்டன. 2016இல் வந்த எழுத்துமாற்றி சி எழுத்தை டி ஆக்கும். 2017இல் வந்தது ஏ எழுத்தை ஜி ஆக்கும். பக்கத்திலேயே அதே எழுத்து இன்னொன்று இருந்தால் அதையும் மாற்றிவிடும் என்பதைக் கவனியுங்கள். 2019இல் வந்த பிரைம் எடிட்டிங் புதிய எழுத்துகளை அந்த இடத்திலேயே எழுதும். அதற்குரிய வழிகாட்டியை வடிவமைக்கக் கூடுதல் உழைப்பு வேண்டும். பெரிய இழப்புகள் இவற்றில் வெகுவாகக் குறைகின்றன, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கடைசியாக, ஒரு வழிகாட்டியைப் பொது மரபணுத் தொகுப்போடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். சிலரிடம் மட்டுமே உள்ள ஓர் எழுத்து வேறுபாடு, இல்லாத ஜி ஒன்றை உண்டாக்கி, அவர்கள் செல்லில் மட்டும் ஒரு புதிய வெட்டுமிடத்தைத் திறந்துவிடும். யாருடைய செல்லைத் திருத்துகிறோமோ அவருடைய டிஎன்ஏவைப் படித்தே சரிபாருங்கள். நன்றி, வணக்கம்.