ஃபிட்ச் வரைஞ்ச ராட்சச அல்லி, ஒருவழியா பிரின்ட் வந்திருச்சு மக்களே!

மக்களே, வந்திருச்சு! போன வீடியோல புலம்பினேன்ல, இலையே ராட்சச சைஸ்ல இருக்கிற அந்த விக்டோரியா அல்லியோட பழைய படம், இதோ பாருங்க. ஏ3 சைஸ், மேட் பேப்பர், 180 ரூபா. முதல்ல போன கடைல 450 வாங்கிட்டு கிளாஸி பேப்பர்ல போட்டுக் குடுத்தாங்க, வெள்ளை இதழ் பூரா நீலம் பூத்துப்போச்சு, கேட்டா "வெள்ளைதானே மேடம்"ங்கிறாங்க! எப்படிங்க அது? இந்தப் பூ முதல் ராத்திரி வெள்ளையா விரியும், மறுநாள் ராத்திரி ரோஸ் ஆகிடும். அந்த வெள்ளைக்குள்ள லேசா எட்டிப் பாக்குற ரோஸ்தான் இந்தப் படத்தோட உயிரே. இந்த பிரின்ட்ல அது அப்படியே வந்திருக்கு, கேமரா கிட்ட காட்டுறேன், இதழோட அடியில பாருங்க.

இந்தப் படம் 1851ல லண்டன்ல வந்த ஒரு புக்குல இருக்கு. எழுதினவர் லண்டன்ல இருக்கிற கியூ தாவரத் தோட்டத்தோட அப்போதைய டைரக்டர் வில்லியம் ஹூக்கர், வரைஞ்சவர் வால்டர் ஹூட் ஃபிட்ச். பெரும்பாலும் சயான் மாளிகைத் தோட்டத்துலயும் கியூலயும் பூத்த பூவ பாத்து வரைஞ்சது. மொத்தமே நாலு பிளேட்டு, அதாவது முழுப்பக்கப் படம்.

எனக்கு கடுப்பு என்னன்னா, இந்த அல்லிய பத்தி எந்த வீடியோ போட்டாலும் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1849ல இங்கிலாந்துல சாட்ஸ்வொர்த் மாளிகைல பூக்க வச்சாரு, தன் பொண்ண இலை மேல நிக்க வச்சாரு, அப்புறம் கிரிஸ்டல் பேலஸ்னு லண்டன்ல கண்ணாடி மாளிகைய வடிவமைச்சாரு, முடிஞ்சுது. வரைஞ்ச மனுஷன் பேரு ஒரு தடவ கூட வராது! அவர் கிளாஸ்கோல துணிக்கு டிசைன் போட்டுட்டு இருந்தவர். இந்தப் படம் லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு; அதுக்கு கல்லு மேல கொழுப்பு க்ரேயான்ல வரையணும், அச்சுல இடம் வலம் மாறிடும், அதையும் மனசுல வச்சுக்கிட்டு ஃபிட்ச் தன் கையாலயே கல்லுல வரைவார். கலர் அப்புறம் ஒவ்வொரு காப்பிக்கும் கைலயே அடிச்சது.

ஆங், சொல்ல விட்டுட்டேன், போஸ்டன்ல 1854ல வில்லியம் ஷார்ப்பும் இதே செடிய போட்டாரு, அது கலரையும் கல்லுலயே அச்சடிச்சது. அதுல இலையோட அடிப்பக்கம் ஒரு பிளேட் இருக்கு, தடிச்ச நரம்பு, நரம்பு பூரா முள்ளு, அட்டகாசம். ஆனா அவரோட பூ எனக்குப் பிடிக்கல, மெழுகுல செஞ்ச மாதிரி இருக்கு. பூவுக்கு ஃபிட்ச்தான், இதுல மாத்துப் பேச்சே கிடையாது.

அதெல்லாம் பழைய காலம், இப்ப யாரு வரையுறாங்கன்னு கேக்காதீங்க. 2022ல விக்டோரியா பொலிவியானான்னு புது இனம் அறிவிச்சாங்கல்ல, அதுல லூசி ஸ்மித்னு கியூல வரையுற ஆர்ட்டிஸ்ட்டும் அந்த ஆய்வுக் கட்டுரைய எழுதினவங்கள்ல ஒருத்தர். பூ ராத்திரிதானே விரியும், அதனால ராத்திரியில கண்ணாடி வீட்டுக்குள்ள போய் வரைஞ்சிருக்காங்க. அந்தச் செடியோட சாம்பிள் கியூலயே 177 வருஷமா இருந்திருக்கு, வேற இனம்னு நினைச்சு வச்சிருந்தாங்க! உத்துப் பாத்து வரையுறவங்க கண்ணு எவ்ளோ முக்கியம்னு பாத்துக்கோங்க.

ஃபிட்ச் புக்கோட ஸ்கேன் லிங்க் கீழ போட்டிருக்கேன், ஃப்ரீதான். பெரிய சைஸ் ஃபைலா எடுங்க, கடைல மேட் பேப்பர்னு மொதல்லயே சொல்லிருங்க, முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு துண்டு அடிச்சுக் காட்டச் சொல்லி வெள்ளைய பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.