மேசை ஏன் உடையவில்லை?

(பினாங்கில் ஓர் இளைஞர் மன்றத்தின் ஆண்டு நிகழ்வில் பேசியது. பேசிய போக்கிலேயே எழுதியிருக்கிறேன். மைக் இரண்டு தடவை அணைந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.)

அவைத் தலைவர் அவர்களே, பாலத்து நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பட்டர்வொர்த்திலிருந்து வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, போன வருடம் இந்த மண்டபத்துக்கு எட்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்த டத்தோ அவர்களே, அந்த எட்டில் ஆறை இன்றும் சுற்ற வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் பராமரிப்புக் குழு அண்ணன்மார்களே, ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, மகளிர் பகுதித் தலைவி அம்மா அவர்களே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கடைசி வரிசையில் கறுப்புச் சட்டையும் மண்டையோடுமாக உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயா பெயரை நான்காவதாகச் சொல்லவேண்டும் என்று செயலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழாவதாகிவிட்டது. ஐயா மன்னிக்கவேண்டும். அவரிடம் நான் கணக்குப் படித்தேன், அதனால்தான் இப்படி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இளைஞரும் விளையாட்டும்'. நான் பேசப் போவது ஹார்ட்கோர் குஸ்தி. நாற்காலி, மேசை, ஏணி, மூங்கில் தடி, முள்கம்பி, அறிவிப்புப் பலகையில் குத்துகிற ஊசி, கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்து அடித்துக்கொள்ளும் தொழில்முறை மல்யுத்தம். செயலாளர் மூன்று தடவை போன் போட்டு, "வேறு ஏதாவது இல்லையா சார்?" என்று கேட்டார். இல்லை.

மூன்று செய்திகள் சொல்கிறேன். ஒன்று, இது பொய்யா மெய்யா. இரண்டு, இதில் என்ன வித்தை இருக்கிறது. மூன்று, ஜப்பான்காரர்கள் இதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. அதை மறைத்த காலம் போய்விட்டது. ஆனால் நம் தோட்டங்களில் காமன் கூத்து பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மன்மதன் எரியப் போகிறான் என்று தெரியாமலா விடிய விடியப் பாயில் உட்கார்ந்திருந்தோம்? திரௌபதியம்மன் விழாவில் மண்ணால் செய்த துரியோதனனைப் பெண்கள் துடைப்பத்தால் அடிப்பார்கள். அது மண் என்று அவர்களுக்குத் தெரியும். அடி என்னவோ நிஜ அடி. "எல்லாம் ஃபேக்தானே" என்று கேட்கிறவரிடம் நான் இதைச் சொல்லிவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிடுவேன்.

இரண்டாவதற்கு ஒரு கதை வேண்டும்.

1998. எனக்குப் பதின்மூன்று வயது. நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், லயத்து வீடு. அந்த வருடம் ஜூன் 28ஆம் தேதி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் அண்டர்டேக்கர், மேன்கைண்ட் என்ற இரண்டு குஸ்திக்காரர்கள் இரும்புக் கூண்டுக்குள் மோதினார்கள். எங்களுக்கு அது வந்து சேர்ந்தது தீபாவளி விடுமுறையில், வீடியோ கடை கேசட்டாக. எத்தனை கை மாறிய கேசட்டோ, படத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கோடு. சுமார் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் மேன்கைண்டைத் தூக்கி எறிகிறார். கீழே அறிவிப்பாளர் மேசை. மனிதன் அதன் மேல் விழுகிறான், மேசை நொறுங்குகிறது. நாங்கள் ஒன்பது பேர் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, பெரியப்பா வீட்டு வீடியோ பெட்டி சூடாகி நின்றுவிட்டது.

மறுநாள் நாங்களே போட்டோம். என் பெரியப்பா மகன், அவருக்குப் பதினேழு, ஆறடி இருப்பார், அவர் அண்டர்டேக்கர். அப்பாவின் மழைக்கோட்டு அவருக்கு. நான் மேன்கைண்ட். முகமூடிக்கு அம்மாவின் பழைய கைப்பையை வெட்டினேன். அதற்கு விழுந்த அடி தனிக்கணக்கு. கூண்டுக்குப் பதில் ஆட்டுக் கொட்டகையின் ஜிங்க் கூரை. ஏழடிதான் இருக்கும், பதின்மூன்று வயதில் அது மலை. மேசைக்கு என்ன செய்வது? கோயில் மண்டபத்தில் அன்னதான மேசை இருந்தது. நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். நான்கு பேர் தூக்கவேண்டியிருந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். ஆடுகள் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த மாதிரி ஓரமாய்ப் போய் நின்றன.

அண்ணன் சட்டையைப் பிடித்தார். "தயாராடா?" என்றார். நான் இரண்டு விரலை உயர்த்தினேன். தள்ளினார்.

அந்த மேசை மெர்பாவ் மரம். தாத்தா காலத்தில் ரயில் கட்டை அறுக்கும் ஆசாரி ஒருவர் செய்து கொடுத்தது. உடையவில்லை. ஆடக்கூட இல்லை. நான்தான் உடைந்தேன். இடப்பக்கக் காறை எலும்பு, கூடவே கீழ்ப்பல் ஒன்று. மூச்சு நின்று, கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அண்ணன் ஓடிவிட்டார். ஓடி வந்தது கோயில் பொருளாளர். குனிந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "மேசைக்கு ஒண்ணும் ஆகலையே?"

(ஆலயத் தலைவர் ஐயா சிரிக்கிறார். அது வேறு கோயில் ஐயா.)

அன்றைக்குச் சாயந்திரம் கட்டோடு வீட்டுக்கு வந்த என்னை, பாட்டி நல்ல கையில் ரோத்தான் பிரம்பால் இரண்டு போட்டுவிட்டுச் சொன்னாள்: "கரணம் தப்பினால் மரணம்டா, கழுதை." கழைக்கூத்தாடிக்குச் சொன்ன பழமொழி. கேட்கிறவர்கள் எல்லாரும் மரணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கரணம்தான் காதில் நிற்கிறது. கரணம் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு, சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

பல வருடம் கழித்துத்தான் அந்தக் கூண்டுச் சண்டையை ஒழுங்காகப் பார்த்தேன். மேன்கைண்டாக வந்தவர் மிக் ஃபோலி. அன்று அவர் இரண்டு தடவை விழுந்தார். 16 அடியிலிருந்து மேசை மேல் விழுந்தது பேசி வைத்தது. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் சாய்வது, மேசையின் எந்த இடத்தில் போய்ச் சேர்வது, எல்லாம் அவர் மனதில் இருந்தது. தோள்பட்டை விலகியும் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி வந்து மறுபடி கூண்டில் ஏறினார். இரண்டாவது விழுந்தது கூண்டின் மேற்கூரைக் கம்பிவலை பிய்ந்துகொண்டு, நேராகக் கீழே வளையத்துக்குள், அதாவது குஸ்தி மேடைக்குள். வலை அப்படிப் பிய்ந்துகொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உயரம் முதலாவதைவிடக் குறைவுதான். கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்தது. நினைவு தப்பியது. பல் ஒன்று பெயர்ந்து மூக்குத் துவாரத்தில் போய் மாட்டிக்கொண்டது. கணக்குப் போட்டு விழுந்த 16 அடியில் மனிதன் எழுந்தான், கணக்கில்லாமல் விழுந்தபோது மயங்கினான். கரணம் தப்பினால் மரணம். பாட்டி பார்த்திருந்தால் ஃபோலிக்கும் இரண்டு போட்டிருப்பாள்.

விழுவதை அவர்கள் 'பம்ப்' என்பார்கள். குஸ்தி வளையம் மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஸ்பாஞ்சு, அதன் மேல் கேன்வாஸ், அவ்வளவுதான். மல்லாக்க விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை முதலில் போய்ச் சேரும். மேல்முதுகு அகலமாகத் தரையில் பட வேண்டும். இரண்டு கையும் அதே கணத்தில் தரையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். முழங்கையை ஊன்றினால் முழங்கை போகும். நான் அன்றைக்கு ஊன்றியது கையைத்தான். காறை எலும்பு அப்படித்தான் போனது என்று பின்னால் ஒரு மருத்துவர் விளக்கினார்.

நாற்காலியால் அடிப்பதிலும் முறை இருக்கிறது. மடக்கு நாற்காலியின் உட்காரும் தகடு, அதன் தட்டையான பக்கம், முதுகின் சதை. விளிம்பு பட்டால் வெட்டும். சத்தம் பெரிதாக வரும், அடி பரவிப்போகும். வலிக்காது என்று சொல்லவில்லை, வலிக்கும். ஊசி குத்தத்தான் செய்கிறது, அதற்கு மாய மந்திரம் கிடையாது.

அந்த மூங்கில் தடியை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். அதற்குப் பெயர் 'சிங்கப்பூர் கேன்'. 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கப் பையனுக்குக் கார்களைப் பாழாக்கியதற்காகச் சிங்கப்பூரில் நாலு பிரம்படி விழுந்தது. அமெரிக்கா முழுக்க அதே பேச்சு. அதே வருடம் பிலடெல்பியாவில் ஒரு பிங்கோ மண்டபத்தில் நடந்துகொண்டிருந்த இ.சி.டபிள்யூ என்ற குழுவின் குஸ்தியில், வாயில் சிகரெட்டோடு வரும் சாண்ட்மேன் என்பவர் கையில் ஒரு தடி வந்தது, சிங்கப்பூர் கேன் என்று பெயரும் வந்தது. உண்மையில் அது ஜப்பானியக் கெண்டோ பயிற்சித் தடி. நாலு மூங்கில் சிம்பைச் சேர்த்துக் கட்டியது. பட்டதும் சிம்புகள் ஒன்றோடொன்று மோதிப் பட்டாசு மாதிரிக் கேட்கும், விசை பிரிந்துவிடும். நம் வீட்டு ரோத்தான் ஒரே கட்டை. சத்தம் கம்மி, சங்கதி அதிகம். என் பாட்டியை அந்த வளையத்துக்குள் விட்டிருந்தால் சாண்ட்மேன் சிகரெட்டைக் கீழே போட்டிருப்பான்.

சரி, இந்தக் கலையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ நான் வரவில்லை. 1999 ஜனவரியில் ராக் என்ற வீரரோடு மோதிய ஒரு சண்டையில் அதே ஃபோலியின் கைகளைப் பின்னால் சேர்த்து விலங்கு போட்டு, தலையில் நாற்காலியால் திரும்பத் திரும்ப அடித்தார் ராக். கையைத் தூக்கித் தடுக்க வழியில்லை. மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் அழுதார்கள். அதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், இனிப் பார்க்கமாட்டேன். 2007இல் கிறிஸ் பென்வா என்ற குஸ்தி வீரர் மனைவியையும் மகனையும் கொன்று தானும் செத்தார். அவர் மூளையைச் சோதித்தவர்கள் அடிபட்டு அடிபட்டு வந்த சேதத்தைக் கண்டார்கள். அவர் செய்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2010இல் டபிள்யூ.டபிள்யூ.இ என்ற பெரிய அமெரிக்கக் குஸ்தி நிறுவனம் தலையில் நாற்காலி அடியை நிறுத்தியது. என்னைக் கேட்டால் பத்து வருடம் தாமதம். மண்டையோட்டுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, அங்கே கரணமே இல்லை, மிச்சம் மரணம்தான்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் அலகு குத்துகிறவரைப் பார்க்கிறோம். குத்துகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் சதையில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் என்று பெரியவர் ஒருவரிடம் நின்று பழகியவராக இருப்பார். அது நேர்த்திக்கடன், இது கேளிக்கை, இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. பழகாத கை இரண்டிலும் ஆபத்து, அவ்வளவுதான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால், சமையற்கட்டை ஒட்டி, ஓர் அறை இருக்கிறது. இருபதடிக்குப் பதினெட்டடி, நானே அளந்தேன். உள்ளே உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பழைய பதாகைகள், ஒரு கல்யாண வளைவு. ஆண்டுப் பொதுக்கூட்டம் மூன்றில் நான் கேட்டுவிட்டேன். அந்த அறையைக் காலி செய்து, தடித்த ஜூடோ மெத்தை பன்னிரண்டு போட்டால் போதும். விழச் சொல்லித்தர ஆள் இருக்கிறார், சம்பளம் கேட்கவில்லை. சிலம்பக்காரர்களுக்கும் ஆகும், உறுமி மேளத் தம்பிகள் தோளில் ஏறி ஆடுகிறார்களே, அவர்களுக்கும் ஆகும். தாரா சிங் சிங்கப்பூரில் ஓர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டேதான் குஸ்தி கற்றார். அந்தக் காலத்துப் பெயர்பெற்ற குஸ்தி வீரர் கிங்காங்கோடு மோதுகிற அளவுக்கு அவர் வளர யாரோ ஒருவர் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். நம் நாட்டிலேயே 2019இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் நோர் டயானா, தலையில் தூடோங் முக்காட்டோடு, நாலு ஆண்களைத் தாண்டி மலேசியா புரோ ரெஸ்லிங் பட்டத்தை வாங்கினார். அந்தப் பெண்ணும் எங்கோ ஒரு வளையத்தில் நூறு தடவை விழுந்து பழகித்தான் வந்தார்.

கறுப்புச் சட்டைத் தம்பிகள் போன மாதம் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் மேசை மேல் குதித்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். எனக்கும் வந்தது. அதில் இரண்டாவதாகக் குதிக்கிற தம்பி கையை ஊன்றுகிறான். நான் ஊன்றிய அதே மாதிரி. தம்பி, நீ யார் என்று சொல்லமாட்டேன், ஆனால் நீ தலையைக் குனிந்துகொண்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஜப்பானுக்கு நேரம் இல்லை. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 1989இல் ஒனிதா அட்சுஷி என்பவர் எஃப்.எம்.டபிள்யூ என்று ஒரு குழு தொடங்கி, அடுத்த வருடமே கயிற்றுக்குப் பதில் வெடிக்கும் முள்கம்பி கட்டினார். 1995இல் கவாசாகி மைதானத்தில் நம் ஃபோலியும் டெர்ரி ஃபங்கும் அப்படி ஒரு சண்டையில் மோதினார்கள். மிச்சத்தை அறை கிடைத்ததும் அந்த அறையில் வைத்துச் சொல்கிறேன்.

டத்தோ, மெத்தைக்கு நீங்கள் பாதி தருவதாகக் காரில் ஏறும்போது சொன்னது எனக்குக் கேட்டது. மாண்புமிகு அவர்களின் உதவியாளரும் பக்கத்தில்தான் நின்றார். அறைச் சாவி பொருளாளரிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாற்காலிகளை வெளியே எடுக்கிறோம், நாசிலெமாக் என் செலவு. உள்ளே மூலையில் ஒரு பழைய மர மேசையும் கிடக்கிறது, நான் தட்டிப் பார்த்தேன். அதைத் தூக்க நாலு பேர் வேண்டும்.