பாதரசக் குழாயா, தந்திக் கம்பியா?

நடுவர் ஐயா அவர்களே, சபையோரே, வணக்கம். வானிலை அறிவியலை வளர்த்தது கருவிகளா, கைமாறிய செய்திகளா என்பது கேள்வி. நான் செய்தியின் பக்கம்.

எனக்கு முன் பேசிய தம்பி, 1643இல் இத்தாலிய விஞ்ஞானி டொரிசெல்லி காற்றழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயை நிமிர்த்திய கதையை அழகாகச் சொன்னார். நானும் கைதட்டினேன். சரி, அதற்குப் பிறகு இருநூறு வருடம் என்ன நடந்தது? வசதியானவர் வீட்டுச் சுவரில் குழாய் தொங்கியது. பாதரசம் மளமளவென்று இறங்கினால் புயல் வருகிறது என்று கதவைச் சாத்தினார்கள். புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒற்றைக் குழாய் எப்படிச் சொல்லும்? தென்காற்றான சோளகம் ஓய்ந்து வாடை திரும்புவதை முகத்தில் வாங்கியே சொல்லிவிடும் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்றொழிலாளிக்கு அந்தக் குழாய் பெரிதாக எதையும் கற்றுக்கொடுத்திருக்காது.

1854 நவம்பர் 14. கிரைமியப் போர். கருங்கடலில் அடித்த புயலில் பிரெஞ்சு, பிரித்தானியக் கப்பல்கள் மூழ்கின. பாரிசில் லெவெரியே என்ற வானியலாளர் ஐரோப்பா முழுவதும் கடிதம் போட்டு, அந்த நாட்களின் அளவீடுகளைக் கேட்டு வாங்கினார். அடுக்கிப் பார்த்தால், அந்தப் புயல் ஐரோப்பாவைக் குறுக்கே கடந்துதான் கருங்கடலுக்கு வந்திருக்கிறது! வழியில் இருந்த ஊர்களிலெல்லாம் கருவி இருந்தது, எழுதிவைத்த எண்ணும் இருந்தது. அவை அந்தந்த ஊர் நோட்டுப் புத்தகத்திலேயே கிடந்தன. காற்றை முந்தக்கூடிய தந்தியில் அவற்றை ஏற்றத்தான் ஆள் இல்லை.

அதை ஏற்றியவர் ஃபிட்ஸ்ராய், டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கப்டன். 1859இல் 'ரோயல் சார்ட்டர்' கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, கரையோர நிலையங்களிலிருந்து தந்தியில் அளவீடுகளைத் திரட்டினார். 1861இல் துறைமுகங்களில் புயல் குறிகளை ஏற்றவைத்தார். அவர் இறந்த மறுவருடம் படித்த பெருமக்கள் "இது விஞ்ஞானம் இல்லை" என்று எச்சரிக்கையை நிறுத்தினார்கள். கடலோடிகள் விடவில்லை. 1867இல் திரும்பக் கொண்டுவரவைத்தார்கள். நாகப்பட்டினத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாக நாம் வானொலியில் கேட்கிறோமே, அது இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இங்கே கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்ன வைத்திருந்தார்? கப்பல்காரர் எழுதிய நாட்குறிப்புகள். வங்கக்கடற் புயல்களின் போக்கை அவற்றிலிருந்தே படித்தார். மாத்லா ஆற்றில் துறைமுகம் கட்டினால் கடல் பொங்கி அழிக்கும் என்று 1853இல் ஆளுநர் நாயகத்துக்கு எழுதினார். கேட்கவில்லை, கட்டினார்கள். 1867இல் புயல் வந்து முடித்துவைத்தது.

இன்றும் காலை 5.30க்கு, அதாவது கிரீன்விச் நேரம் பூச்சியத்துக்கு, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அவதானித்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். பனிப்போர்க் காலத்தில்கூட மொஸ்கோவும் வாஷிங்டனும் இதை நிறுத்தவில்லை. அந்த எண்கள் வராவிட்டால் எவ்வளவு பெரிய கணினியும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

எதிரணி அடுத்து செயற்கைக்கோளோடு எழும்பும், தெரியும். முதல் வானிலைச் செயற்கைக்கோள் 'டைரோஸ்' 1960இல் மேலே போய்விட்டது. 1964 டிசம்பர் 22இல் புயல் முதலில் இலங்கையில் நம் வடபகுதியைத்தான் கடந்தது. அதன் பிறகே தனுஷ்கோடி. அந்த இரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் ஆட்களோடு கடலில் போனது. தம்பி, அந்த ரயிலை எந்தக் கருவி மறித்திருக்கும் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு செயற்கைக்கோளுக்குப் போவோம். வணக்கம்.